கரண்ட் போனால் விளக்கு எரியுமா?

தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற என் மாணவனின் பாட்டி, சேமநிதிப் பணத்தில் கூரைக்குச் சூரியத் தகடு பொருத்த எண்ணுகிறார். “கரண்ட் போனாலும் பேரன் படிக்கலாம்தானே, வாத்தியாரே?” என்றார்.

அது இன்வெர்ட்டரைப் பொறுத்தது. தகட்டின் நேர் மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறு மின்னோட்டமாக்குவது அதன் பணி. தெனாகா கம்பியோடு மட்டும் இணையும் வகை, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்ப்போரின் உயிர்காக்கவே அந்த ஏற்பாடு. இரவிலும் விளக்கெரிய மின்கலமும், தடைநேர இணைப்புள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், விலை கூடும்.

நெம் 3.0 திட்டத்திற்கான விண்ணப்பங்கள் 2025 ஜூன் 30-உடன் முடிவுற்றன. அந்தப் பழைய சேமிப்புக் கணக்கை எவரேனும் காட்டினால் நம்ப வேண்டாம். வியர்வை சிந்திச் சேர்த்த பணம். பாட்டியின் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுங்கள்.