மைக்கூடும் பீரங்கியும்

எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட உபாத்தியாயனுக்கு மைக்கூட்டின் மேல் பற்று உண்டாவதில் வியப்பென்ன? பாரிஸ் நகரத்துப் பார்பெதியென் பட்டறையில் செய்த வெண்கல மைக்கூடு ஒன்றைப் படத்தில் பார்த்தது முதல் என் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெர்தினான் பார்பெதியென் முதலில் சுவரில் ஒட்டும் சித்திரக் காகிதம் விற்றவர். பெரிய சிலைகளைச் சிறிய அளவில் பிசகின்றிப் பிரதி எடுக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் அஷீல் கொலாஸ். 1838-ல் இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். லூவர் அரண்மனையில் நின்ற மிலோ வீனஸ், சீமான்களின் மேஜை மீதும் வந்து நின்றாள்! அவளுக்குத் துணையாக மைக்கூடுகளும் விளக்குத் தண்டுகளும் கடிகாரங்களும் பிறந்தன. வார்த்ததோடு வேலை தீராது. இலை நரம்பு தெரியும் வரை சிற்றுளியால் செதுக்குவார்கள். சிலவற்றுக்குப் பொன்முலாமும் உண்டு.

1870-ல் பிரஷ்யாவோடு யுத்தம் மூண்டது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமே அக்காலத்துப் பிரெஞ்சுப் பீரங்கிக்கும் உலோகம். மைக்கூடு வார்த்த பட்டறை சர்க்காருக்குப் பீரங்கி வார்த்தது. யுத்தம் ஓய்ந்தபின் பழைய தொழிலுக்கே திரும்பியது.

உலோகத்துக்கு விருப்பு வெறுப்பு ஏது? எந்த அச்சில் ஊற்றுகிறோமோ, அந்த உருவையே அது கொள்ளும். தினமும் நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கும் எனக்கு, இது வெறும் வெண்கலத்தின் கதையாகத் தோன்றவில்லை.