தகரக் கூரையின் கீழ் ஓர் அமானிதம்



திருச்சியில் எங்கள் வீட்டு முகப்பில், கார் நிறுத்துவதற்கென அத்தா கட்டிய கொட்டகையில்தான் மோட்டார் காயில் கட்டும் தொழிலை நடத்தி வருகிறேன். மூன்று பக்கம் சுவர், முன்புறம் ஷட்டர், மேலே தகரக் கூரை. வெயில் ஏற ஏறத்தான் எங்களுக்கு வேலையும் ஏறும். ஓய்வின்றி ஓடிக் கருகிய மின்விசிறிகளும் தண்ணீர் மோட்டார்களும் வந்து குவியும். பிறர் வீட்டுக்குக் காற்றைத் திருப்பித் தரும் நாங்கள் காற்றில்லாத இடத்தில் வியர்த்துக்கொண்டிருப்போம்.

2019ஆம் ஆண்டு ரமலான், மே மாதக் கத்திரி வெயிலோடு சேர்ந்து வந்தது. என்னிடம் தொழில் பழகிய பத்தொன்பது வயதுத் தம்பியும் நானும் நோன்புடன் வேலை செய்தோம். ஒரு நாள் அவசர வேலையொன்றை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, லுஹர் தொழுது வீட்டினுள் கண்ணயர்ந்தேன். அஸருக்கு எழுந்து வந்தபோது அவன் சுவரோரம் சாய்ந்து கிடந்தான். அழைத்தால் பேச்சு குழறியது. நிழலுக்குத் தூக்கி வந்து, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறியபடி மருத்துவமனைக்கு விரைந்தோம். நோன்பை விட்டு, குளுக்கோஸ் ஏற்றிய பின், அல்ஹம்துலில்லாஹ், இரவுக்குள் தேறிவிட்டான்.

அவனுடைய தாயார் வந்தார். சண்டையிடவில்லை. “அண்ணே, நாளைக்கும் பிள்ளை வரணுமா?” என்று மட்டுமே கேட்டார். பணியாளர் மீது சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது என்னும் நபிமொழியை ஜும்ஆ உரைகளில் எத்தனையோ முறை கேட்டவன் நான். அக்கேள்விக்கு முன் எனக்கு நா எழவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல், உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். பிற்பகல் 2 மணிக்கு 45 டிகிரி காட்டியது. காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால் மின்விசிறி அந்தச் சூட்டையே நம் மீது வீசும் என்பது அன்றுதான் உறைத்தது.

முதலில் கூரையைக் கழுவி, துருவைச் சுரண்டி, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்டை இரண்டு முறை பூசினேன். மேற்குச் சுவருக்கு வெளியே ஓரடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல் வலையைக் கட்டினேன். சூடான காற்று மேலே தேங்குவதால், பின்சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் மின்விசிறி பொருத்தினேன். ஷட்டரின் கீழ்ப்பாதி திறந்திருக்க, காற்று உள்ளே வந்து மேல்வழியே வெளியேறியது. வார்னிஷ் நெடியும் அதோடு சென்றது.

தெர்மாகோல் ஒட்டுமாறு சிலர் கூறினர். வார்னிஷ் இருக்கும் இடத்தில் அது தீயை அழைப்பதாகும். ஈரச் சாக்கு தொங்கவிடுவதையும் தவிர்த்தேன். மின்சாரம் சோதிக்கும் இடத்தில் தரை நனையக் கூடாது.

காயில் உலர்த்தும் பல்புப் பெட்டியே இன்னோர் அடுப்பு என்பதையும் உணர்ந்து, அதைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினேன். இத்தனைக்கும் பின் அதே நேரத்தில் 39 டிகிரி. குறைந்தது; குளிர்ந்துவிடவில்லை.

ஆகவே நேரத்தை மாற்றினேன். ஃபஜ்ருக்குப் பின் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தம். மீண்டும் அஸருக்குப் பின். கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே சற்றுத் தாழ்த்தித் தொழ வழிகாட்டிய மார்க்கம் நம்முடையது. ஒரு மோட்டார் காத்திருக்கக் கூடாதா? சில வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குச் சென்றனர். அவ்வாண்டுப் பெருநாள் செலவைச் சுருக்கிக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து அத்தாயாரின் வீட்டுக்குச் சென்று, செய்தவற்றைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை தம்பி வேலைக்கு வந்தான். உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரர்களே, உங்கள் கொட்டகையில் யாரேனும் உழைக்கிறார்களாயின், ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்கு அவர்களுடைய இடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். நம் பொறுப்பில் உள்ளவர்களின் அமானிதத்தைப் பேண அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.