ஹேவாஹெட்ட மலையில் ஒரு மனை

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டவுக்குச் செல்லும் பஸ் வண்டியில் அன்று நிற்கவும் இடமில்லை. நகரின் சந்தடி பின்தங்கியதும் பாதை வளைந்து வளைந்து மேலேறத் தொடங்கிற்று. கீழே வயல்கள், அவற்றுக்கு மேல் மிளகும் கராம்பும் மணக்கும் கிராமத்துத் தோட்டங்கள், அதற்கும் மேலே தேயிலை. ஹேவாஹெட்ட என்னும் பெயரே மேடு பள்ளத்தால் பிரிந்தது. பாத ஹேவாஹெட்ட, அதாவது கீழ்ப் பகுதி, கண்டி மாவட்டத்தில் உள்ளது. உட ஹேவாஹெட்ட என வழங்கிய மேல் பகுதியோ நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது.

நம்முடன் வந்தவர்கள் ஓர் இளந் தம்பதியர். கணவர் கொழும்பில் கணக்காளர். மனைவி அங்கேயே பாடசாலை ஆசிரியை. வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் ஐந்தாண்டு குடியிருந்தவர்கள். அப்பகுதியில் சொந்தமாக ஒரு மாடிக் குடியிருப்பு வாங்கினால், தாம் ஓய்வு பெற்ற பின்னும் கடன் மிஞ்சும் என்று, கணக்கையே தொழிலாகக் கொண்ட அந்த வாலிபர் கண்டுகொண்டார். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகினார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்குச் சென்றால் போதுமாம். கொழும்பில் ஒரு பேர்ச் நிலத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு மனையையே வாங்கலாம் என்னும்போது, மலைநாட்டு வாலிபர்கள் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில் வியப்பென்ன?

ஆனால் இவருக்கு இது வெறும் விலைக் கணக்கு மட்டுமன்று. அவர் பிறந்ததே இங்குள்ள ஒரு தோட்டத்து லயத்தில்தான். இலங்கையில் வர்த்தக ரீதியாகத் தேயிலை முதன்முதலில் பயிரானதும் இம்மலைகளிலேயே. தேயிலை என்றால் பலருக்கு லிப்டன்தான் நினைவுக்கு வருகிறார். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டவரோ ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். அவருடைய கல்லறை கண்டி மஹையாவையில் இருக்கிறது. செடி நட்ட தமிழர்களின் கல்லறையை நாம் எங்கே போய்த் தேடுவது? அருகிலுள்ள முல்லோயாவில், 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் துறந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. குடியுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டங்களோ 1970களில் அரசுடைமையாகி, 1992க்குப் பின் பெரும்பாலும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. கை எத்தனை மாறினாலும், லயத்தில் இருப்பவனுக்குத் தன் காம்பராவுக்கு உறுதி கிடைக்கவில்லை. உறுதி இல்லாதவனுக்கு வங்கி கடன் தருமா? ஆகவேதான் நம் நண்பர் தோட்டத்துக்கு வெளியே, கிராமத்துத் தனியார் காணியில் மனை தேடினார்.

லயத்து இஸ்தோப்பில் அவருடைய தந்தையார் நம்மை வரவேற்றார். தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் உழைத்தவர். அவர் முகத்தில் மகிழ்ச்சியை விட மனத்தாங்கலே மிகுந்திருந்தது.

“ஐயா, இவனைப் படிக்க வச்சதே இந்த மலையை விட்டுப் போகட்டும்னுதான். இப்ப திரும்பி வர்றேங்கிறான். நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்றார்.

தாயார் சாயத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உறுதி யாரு பேருலம்மா?”

“ரெண்டு பேரு பேருலயும் மாமி.”

அம்மையார் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் பார்த்த மனையை வேண்டாமென்று தடுத்தவரும் அந்தத் தந்தையார்தானாம். பதினைந்து பேர்ச், மலிவு விலை, பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் காட்சி. பெரியவர் காட்சியைப் பார்க்கவில்லை. சரிவில் நின்ற மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததையும், மழை விட்ட பின்னும் அடிவாரத்தில் புதிதாக நீர் கசிந்ததையுமே பார்த்தார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டில் எத்தனையோ வீடுகளை மண்சரிவில் புதைத்துச் சென்றதை யார்தான் மறப்பர்? மலைப்பாங்கான இடத்தில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியைப் பெறவேண்டும். மனை வாங்க எண்ணும் வாசகர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே இதனை விசாரித்தல் நலம். தரகர்கள் பெரும்பாலும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இறுதியில் வாங்கியது பாதையோரத்தில் எட்டு பேர்ச். விலை சற்றே கூடுதல். காட்சியும் இல்லை, எதிரே ஒரு மண் சுவர்தான். மனைவிக்கு இடமாற்றம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை அவர் கொழும்பில் உறவினர் வீட்டிலும், கணவர் இங்கேயுமாக இருக்கப்போகிறார்கள். அதைச் சொல்லும்போது அப்பெண்மணியின் குரல் தாழ்ந்தது. “ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்,” என்றார்.

மாலையில் மனையைக் காண எல்லோரும் நடந்து சென்றோம். மகனின் யோசனையில் மனத்தாங்கல் கொண்டிருந்த பெரியவரே கையில் கயிறும் முளைக்குச்சிகளும் எடுத்து வந்திருந்தார். நில அளவையாளர் போட்ட கல்லை நம்பாமல், தாமே ஒருமுறை அளந்தார். மூடுபனி இறங்கத் தொடங்கியதும் கண்டிக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாம் விரைந்தோம். வண்டி வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தோம். மருமகள் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருக்க, அவர் நான்காவது குச்சியை அடித்துக்கொண்டிருந்தார்.