ஏழாவது குருவி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, செங்கல்பட்டு வீட்டில் அவர் கட்டிலைக் கொல்லைப்பக்க ஜன்னலோரம் போட்டோம். அவர் வேடந்தாங்கல்காரர்; பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரமே வேண்டாம் என்று முன்பு பெருமை பேசுவார். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் பார்த்து வளர்ந்தவருக்கு எங்கள் கொல்லையில் வாய்த்தவை தவிட்டுக்குருவிகள்தான். ஓயாத இரைச்சல், கல்யாண வீடு தோற்றுவிடும்.

இடது கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஏழு வந்தால்தான் கஞ்சிக்கு வாய் திறப்பார். ஒருநாள் ஆறுதான் வந்தன. விரல் ஆறாவது கணுவிலேயே நின்றுவிட்டது. மருந்தும் இறங்கவில்லை. டாக்டர் கைவிரித்தபோதுகூட அழாத அம்மா அன்று முருங்கையடியில் நின்று அழுதாள்.

11 மணிக்கு ஏழாவது வந்தது, நொண்டிக்கொண்டு. கஞ்சியை மறுபடி சுடவைத்தேன்.