மூன்றாண்டும் ஈராண்டும்: மோகனூர் நாட்குறிப்பு

22 நவம்பர் 2025

தொழிற்சங்கச் சட்டம், நிலையாணைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நேற்று நடைமுறைக்கு வந்தது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில், வேலைநீக்கம் செய்யப்பட்டவர் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக மூன்றாண்டு அவகாசம் இருந்தது. புதியதிலோ, தகராறு எழுந்து ஈராண்டு கடந்துவிட்டால் சமரச அலுவலர், அதாவது இருதரப்பையும் அழைத்துப் பேசித் தீர்க்க முயலும் அரசு அதிகாரி, அதை விசாரணைக்கு எடுக்கவே கூடாது. இத்தெருவில் வசிக்கும் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் 2023 ஆகஸ்டில் நீக்கப்பட்டவர்.

23 நவம்பர்

ஆலை திரும்பக் கூப்பிடும் என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, அவர் இதுவரை மனுவே போடவில்லை.

27 நவம்பர்

நல்ல வக்கீலாகப் பிடித்தால் போதும் என்று ஊரார் சொல்லும் யோசனை தொழிலாளர் வழக்குகளுக்கு அப்படியே பொருந்தாது. பழைய சட்டத்தின் 36ஆம் பிரிவு சமரசப் பேச்சில் வழக்கறிஞரை அறவே விலக்கியது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு இசைந்து நீதிமன்றமும் அனுமதித்தால்தான் அவர் வாதாட முடியும் என்றது. கூலிக்காரர் எதிரே பெரும் வக்கீல்கள் வந்து நிற்கக் கூடாது என்பதே நோக்கம். ஆனால் சங்கப் பொறுப்பில் இருக்கும் வழக்கறிஞர் அந்தப் பொறுப்பின் பேரில் வரலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது, தொழிற்சங்கங்களுக்குத் திறந்த கதவு முதலாளிகள் சங்கங்களுக்கும் சேர்ந்தே திறந்தது. தொழிலாளர் பக்கம் நிற்கவென்றே தொழில் நடத்தியவர்களும் இருந்தார்கள். சென்னையில் ராவ் அண்ட் ரெட்டி அலுவலகம் அத்தகையது. அதன் வி.ஜி. ராவ், தாம் பொறுப்பிலிருந்த மக்கள் கல்விக் கழகத்தை அரசு சட்டவிரோதம் என்று அறிவித்ததை எதிர்த்து, சங்கம் அமைக்கும் உரிமைக்காக 1952இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர். அங்கே தொழில் பழகிய கே. சந்துரு தொழிலாளர் வழக்குகளிலேயே பெயர்பெற்று, 2006இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 2013இல் ஓய்வு பெறுவதற்குள் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். எண்ணிக்கை வியப்புத்தான், வேலை போனவருக்கு வேகமும் நீதியின் ஒரு பகுதி என்பதை வக்கீலாக இருந்து கண்டவர் அவர்.

3 டிசம்பர்

திருக்கார்த்திகை. வழக்குப் பேச்சு எழவில்லை.

10 டிசம்பர்

தொழிலாளி போய்ப் பார்த்த சேலத்து வழக்கறிஞர் நீக்க உத்தரவைப் படிக்குமுன் அது வந்த உறையைக் கேட்டார். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அந்தப் பதிவுத்தபால் உறையில் ஒரு மூலை கரையான் அரித்திருந்தாலும் முத்திரை தெளிவாக இருந்தது: உத்தரவின் தேதி ஆகஸ்ட் 4, தபால் முத்திரை ஆகஸ்ட் 21. உத்தரவு எப்போது கையில் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று என்று சொல்லி அவர் அதைப் படமெடுத்துக்கொண்டார். உள்விசாரணையின், அதாவது நிர்வாகமே நடத்தும் ஒழுங்கு விசாரணையின், பதிவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தொழிலாளியின் தமிழ்க் கையெழுத்து. இதைப் பார்த்துக் கோபம் வராதவர் எவருமில்லை, வழக்கறிஞரைத் தவிர. தண்டனை குற்றத்துக்கு மிகையானால் அதை மாற்றும் அதிகாரத்தை 1971இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு நீதிமன்றத்துக்குத் தந்தது என்றும், நீக்கம் பழைய சட்டக் காலத்தில் நடந்ததால் மூன்றாண்டுக் கணக்கே செல்லும் என்று வாதிடலாம் என்றும் அவர் நிதானமாகச் சொன்னார். வாதிடலாம் என்றாரே ஒழிய, வெல்லலாம் என்று சொல்லவில்லை.

19 டிசம்பர்

இனி வேண்டாம் என்கிறார் தொழிலாளி. கோழிப்பண்ணைக்குப் போய்வரும் மனைவியோ, நீக்க உத்தரவில் உள்ள திருட்டுப் பழியோடு மகளுக்கு வரன் பார்க்க முடியாது என்று பிடிவாதமாக நிற்கிறார். சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

6 ஜனவரி 2026

மனு சமரச அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்பட்டு, நகலில் முத்திரை பெறப்பட்டது. காலம் கடந்தது என்று அது திரும்பவும் கூடும். வேலைநீக்க உத்தரவு கையில் இருப்போர் உறையோடு சேர்த்து அதன் தேதியை இன்றே பார்த்து, ஈராண்டு நிறையுமுன் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.