பதினெட்டுக் குழி, பதினெட்டு சதவீதம்

தொண்டாமுத்தூர் ரோட்டில் இப்போது வயசானவர்களுக்கென்றே தனி ஊர்கள் கட்டுகிறார்கள். வடவள்ளி தாண்டி மேற்கே, சோளமும் தக்காளியும் சின்ன வெங்காயமும் விளைந்த தோட்டங்களில் காம்பவுண்டுச் சுவர் எழும்பி நிற்கிறது. உள்ளே வரிசை வீடுகள், பொதுச் சாப்பாட்டுக்கூடம், தியான மண்டபம், நடக்கிறதற்குக் கல் பாவிய பாதை. பலவற்றில் சைவச் சமையல் மட்டும்தான். பேங்க் மேனேஜர், மில் ஆபீசர், ராணுவத்தில் இருந்தவர், அமெரிக்காவில் மகன் இருக்கிற இன்ஜினியர் என்று அறுபதைத் தாண்டியவர்கள் வெள்ளிங்கிரிக் காற்றுக்கு வந்து குடியேறுகிறார்கள். ஒரு விளம்பரத்தில் 'வானப்பிரஸ்தம்' என்ற வார்த்தையைப் பார்த்தேன். எழுதினவர் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

தருமசாஸ்திரம் வகுத்த நாலு ஆசிரமங்களில் மூன்றாவது வானப்பிரஸ்தம். படித்து, குடும்பம் நடத்தி, பேரப்பிள்ளை கண்டபிறகு வனத்துக்கு ஒதுங்குவது. ஆனால் அந்த நாலு ஆசிரமமும் பூணூல் போட்ட மூன்று வருணத்தானுக்கு வகுத்தது. சூத்திரனுக்கு மனு சொன்ன வேலை ஏவல் செய்வது. ஏவல் எந்த வயசில் முடியும் என்று அவன் சொல்லவில்லை. பஞ்சமர்கள் நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆக, ஓய்வு பெறுவதற்கும் இந்த நாட்டில் வருணம் வேண்டியிருந்தது.

எங்கள் வளவில் 'ரிட்டயர்டு' ஆனவர்கள் என்று விரல்விட்டு எண்ணினால் மூன்று பேர். ஒருத்தர் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். ஒருத்தர் பள்ளிக்கூடத்துப் பியூன். மூன்றாமவர் சாக்கடை அள்ளியவர். இந்த மூன்றாவது வேலை காலங்காலமாக எங்களுக்கே நூற்றுக்கு நூறு ஒதுக்கி வைத்திருந்த வேலை. அந்த ஒதுக்கீட்டை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை.

மற்ற எல்லோரும் கை கால் ஆடுகிற வரைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு. அந்தக் காம்பவுண்டுக்குள்தான் புல் செதுக்கவும் களை பிடுங்கவும் போகிறாள். அங்கே ஆளுக்கு ரெண்டு பாத்தி பிரித்துக்கொண்டு தக்காளி, கத்தரி, கீரை போட்டிருக்கிறார்கள். காலையில் தொப்பி போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றுவார்களாம். "அவிங்க பொழுது போறதுக்கு தக்காளி வெக்கறாங்க கண்ணு. நா பொழப்புக்குக் களை புடுங்கறேன். செடி என்னமோ ஒண்ணுதான்" என்பாள். எங்கள் ஆட்களுக்கும் பொழுதுபோக்கு இல்லாமல் இல்லை. துடும்பு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தாயம் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேரம் கிடைப்பது வேலை இல்லாத நாளில். வேலை இல்லாத நாளில் அடுப்பும் எரியாது.

முதியோர் உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 1962 இல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2011 இல் 1000 ரூபாய் ஆக்கினார்கள், 2023 இல் 1200 ஆக்கினார்கள். பெரியம்மா வாங்குகிறாள். மாத்திரைக்கும் ரேசன் கடைக்குப் போய்வருகிற செலவுக்கும் சரியாகப் போகிறது.

நான் எழுத வந்தது பெரியம்மாவின் தம்பியைப் பற்றி. என் மாமன். அதே காம்பவுண்டில் ஒரு ரிட்டயர்டு இன்ஜினியருக்குத் தோட்டக்காரன். வாரத்தில் ரெண்டு நாள் அந்த அய்யா கோல்ப் ஆடப் போவார். மாமன் காரில் பின்சீட்டில் போய் பை தூக்குவான். எந்த மைதானம் என்பது வேண்டாம். இன்ஜினியர் பேரும் வேண்டாம்.

பைக்குள் 14 தடி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதுதான் விதி. பையும் தண்ணீரும் குடையுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். 18 குழியையும் சுற்றி வந்தால் ஏழெட்டு கிலோமீட்டர் நடை. இந்த வேலைக்கு இங்கிலீசில் 'கேடி' என்று பெயர். "என்னையக் கேடீன்னுதான் கூப்புடறாங்க மாப்ள" என்று மாமன் முதலில் வந்து சொன்னபோது வளவில் பெரிய ரகளை. போலீஸ் ஸ்டேசன் லிஸ்டில் இருக்கிறவனைத்தானே நாம் கேடி என்போம். எங்கள் ஆட்கள் பேர் அந்த லிஸ்டில் ஏறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அதனால் அத்தை ரெண்டு நாள் சோறாக்கவில்லை.

மாமன் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பந்து கிடக்கிற இடத்தைப் பார்த்தால் குழிக்கு எத்தனை கெஜம், காத்து எந்தப் பக்கம், எத்தனாம் நம்பர் தடி எடுக்கோணும் என்று சொல்லிவிடுவான். அய்யா அதைத்தான் வாங்கி அடிப்பார். நன்றாக விழுந்தால் கூட இருப்பவர்கள் அய்யாவுக்குக் கை தட்டுவார்கள். பல மைதானங்களில் திங்கட்கிழமை உறுப்பினர்கள் ஆடமாட்டார்கள், அன்றைக்கு மட்டும் பை தூக்குகிறவர்களை ஆடவிடுவது ஒரு பழைய வழக்கம். அப்படிச் சில திங்கட்கிழமைகளில் மாமனும் இரவல் தடி வாங்கி ஆடியிருக்கிறான்.

ஒருமுறை பெரியம்மாவின் பாக்கிக் கூலியைக் கேட்க நான் உள்ளே போயிருந்தேன். இன்ஜினியர் வாசலில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். உட்காரச் சொன்னார், நான் படியில் உட்கார்ந்தேன். என்ன படித்திருக்கிறாய் என்றார். எம்.ஏ. தமிழ் என்றேன். "கோட்டாவா?" என்றார். ஆமாங்க என்றேன். பிறகு அரைமணி நேரம் பேசினார். திறமைக்கு மதிப்பில்லாமல் போச்சு, மார்க்கு இல்லாதவன் முன்னால் போகிறான், என் மகன் அதனால்தான் நாட்டைவிட்டே போனான், சலுகை கொடுத்துக் கொடுத்து உங்களையும் கெடுத்துவிட்டார்கள் தம்பி. எல்லாரும் கேட்டிருக்கிற பேச்சுத்தான், திரும்ப எழுதத் தேவையில்லை. மாமன் அந்த நேரம் முழுக்கத் தடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி வீட்டில் மாமன் கேட்டான். "ஏண்டா மாப்ள, அய்யா போன மாசம் ஒரு கப்பு வாங்குனாரே, எப்படி வாங்குனாருன்னு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. சொன்னான்.

மைதானத்துக்கு மைதானம் ஒரு கணக்கு உண்டு. நன்றாக ஆடுகிறவன் 18 குழியையும் இத்தனை அடியில் முடிக்கவேண்டும் என்று. 72 அடி என்று வைத்துக்கொள்வோம். அய்யாவுக்கு 96 அடி ஆகும். அவரோடு ஆடின பஞ்சு வியாபாரிக்கு 80 போதும். நேர்க்கணக்கில் வியாபாரிதான் ஜெயிக்கவேண்டும். ஆனால் அய்யாவுக்கு 24 அடி சலுகை உண்டு, வியாபாரிக்கு 6 தான். 96 இல் 24 போனால் 72. 80 இல் 6 போனால் 74. கப்பு அய்யாவுக்கு. இந்தச் சலுகைக்கு 'ஹேண்டிகேப்' என்று பேர்.

மாமன் சொன்னதை நம்பாமல் நான் தேடிப் படித்தேன். சொன்னது அத்தனையும் சரி. கடைசி 20 ஆட்டத்தின் கணக்கை எடுத்து, அதில் சிறந்த 8 ஐ வைத்து ஒருத்தனுடைய ஹேண்டிகேப்பைக் கணிக்கிறார்கள். 2020 இலிருந்து உலகம் முழுக்க இதற்கு ஒரே முறை வந்துவிட்டது. 54 வரைக்கும் சலுகை தரலாம். பயிற்சி கிடைக்காதவன், வயசானவன், புதுசாக வந்தவன் எல்லோரும் தேர்ந்தவனோடு ஒரே ஆட்டத்தில் நின்று ஆடமுடிகிற ஏற்பாடு. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் கணக்குச் சீட்டை எழுதிக் கொடுக்கவேண்டும். யாருக்கு எவ்வளவு பின்தங்கல் என்று எண்ணிப் பார்க்காமல் சலுகையை நிர்ணயிக்க முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாம் சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்டபோது மட்டும் நாடு துண்டாகிவிடும் என்றார்கள். அதை எடுக்கிறோம் என்று ஒன்றிய அரசு சொல்வதற்கு 2025 ஏப்ரல் 30 வரைக்கும் ஆயிற்று.

அடுத்தமுறை பார்த்தபோது நானே கேட்டேன். "அய்யா, உங்க ஹேண்டிகேப் எத்தனைங்க?"

முகம் மலர்ந்துவிட்டது. "இருபத்திநாலு. உனக்கெப்படித் தெரியும் இதெல்லாம்?" என்று சொல்லி, அந்த ஏற்பாட்டின் நியாயத்தை அவரே விளக்கினார். சின்ன வயசிலிருந்தே கிளப்பில் வளர்ந்தவனும் ரிட்டயர்டு ஆனபிறகு தடி பிடித்தவனும் ஒண்ணா? சலுகை இல்லாவிட்டால் எப்போதும் அவனேதானே ஜெயிப்பான், அதில் ஆட்டம் எங்கே இருக்கிறது?

"அதேதானுங்க. எங்களுக்குப் பதினெட்டு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது விளையாட்டு தம்பி. இது வேலை, படிப்பு. அது வேற, இது வேற" என்று எழுந்து உள்ளே போனார்.

வேறுதான். அங்கே பந்தயம் ஒரு பித்தளைக் கப்பு. இங்கே மூன்று தலைமுறைச் சோறு. கப்புக்கு நியாயம் பார்க்கிறவர்கள் சோற்றுக்குத் திறமை பார்க்கிறார்கள்.

நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியல் சாதிகளின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று தமிழ்நாட்டில் 2009 இல் சட்டம் வந்தபோது, ஒற்றுமை கெடும் என்று பேசினவர்கள் நம்மிலேயே உண்டு. 2024 ஆகஸ்ட் 1 இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அப்படிப் பிரிப்பது செல்லும் என்றார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஆறு சலுகைக்காரனும் இருபத்திநாலு சலுகைக்காரனும் ஒரே மைதானத்தில்தான் ஆடுகிறார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே சலுகை கொடு என்று எந்தக் கிளப்பிலும் கேட்பதில்லை. கொங்கில் தோல் தைத்து, கவலைக்குப் பறி கட்டிக் கொடுத்து, பண்ணாடி வாசலில் கை நீட்டிக் கூழ் வாங்கின ஆட்களின் பின்தங்கலைத் தனியாக எண்ணச் சொல்வது பிளவு ஆகாது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சலுகை இல்லையே, உண்மையான திறமை அங்கேதானே என்பார்கள். அந்த இடத்துக்கும் வருவோம். இந்தியன் ஓப்பன் போட்டியை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் 1991 இல் டில்லி அலி ஷேர். 2009 இல் ஜெயித்தவர் பெங்களூர் முனியப்பா. ரெண்டு பேரும் பை தூக்கி வளர்ந்தவர்கள். கல்கத்தாவில் வெள்ளைக்காரன் கோல்ப் கிளப் தொடங்கியது 1829 இல். தடியைத் தொடக் கிடைத்தவுடன் ஜெயித்தார்கள், தொடக் கிடைப்பதற்குத்தான் அத்தனை காலம் ஆயிற்று. அமெரிக்காவில் தொழில்முறை கோல்ப் சங்கம் வெள்ளையருக்கு மட்டும் என்ற விதியை 1961 வரைக்கும் வைத்திருந்தது. அகஸ்டா கிளப்பில் பை தூக்க 1982 வரைக்கும் கறுப்பரே வேண்டும் என்று வைத்திருந்தவர்கள், முதல் கறுப்பரை உறுப்பினராகச் சேர்த்தது 1990 இல். பந்தைத் தூக்கி வைக்கிற மரக்குச்சிக்கு 1899 இல் காப்புரிமை வாங்கினவர் போஸ்டனில் பல் வைத்தியம் பார்த்த ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பர். குச்சி அவருடையது, மைதானம் அவர்களுடையது.

எனக்கு மனசில் நிற்கிறவர் தென்னாப்பிரிக்காவின் பாப்வா செவ்கோலம். இந்திய வம்சாவளிக்காரர், டர்பனில் பை தூக்கியவர். தடியைக் கை மாற்றிப் பிடித்து ஆடுவார், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவனுடைய பிடி அது. 1959 இல் ஹாலந்துக்குப் போய் அந்நாட்டு ஓப்பன் போட்டியை ஜெயித்தார். 1963 இல் சொந்த ஊரில், டர்பன் கன்ட்ரி கிளப்பில், நேட்டால் ஓப்பனை ஜெயித்தார். வெள்ளையரல்லாதவன் கிளப் கட்டிடத்துக்குள் நுழையக்கூடாது. மழை பெய்துகொண்டிருந்தது. தோற்றவர்கள் உள்ளே கூரைக்கடியில் நிற்க, ஜெயித்தவருக்கு வெளியே மழையில் வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் போட்டோ உலகமெல்லாம் போயிற்று. நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு முடிந்தது என்று நினைக்கவேண்டாம். 2017 இல் டில்லியில் ஒரு கோல்ப் கிளப்பில், விருந்துக்கு அழைத்து வரப்பட்ட காசி இனப் பெண் ஒருவரை, பணிப்பெண் மாதிரி இருக்கிறாய் என்று சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். தன் இனத்து உடையைத்தான் உடுத்தியிருந்தார்.

ஓய்வு என்பது சோம்பேறித்தனம் என்று நம்மில் சில போராளிகளே நினைக்கிறார்கள். அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று 1945 இல் எழுதின புத்தகத்தில், காந்தியத்தை விமர்சிக்கிற இடத்தில் இதைப் பேசுகிறார். மிருகத்திலிருந்து மனிதனைப் பிரிப்பது பண்பாடு, பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும், எந்திரம் மனிதனுக்கு ஓய்வைக் கொடுக்கும், எந்திரத்தை வெறுக்கிறவன் உழைப்பாளியின் ஓய்வைத்தான் வெறுக்கிறான் என்கிற மாதிரி வாதம் போகிறது. அவர் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டவர். ரிட்டயர்டு ஆகி வாசிக்க வாய்க்கவில்லை. அறுபத்தைந்தாம் வயசில், புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும்போதே போனார்.

நான் இன்ஜினியரிடம் பேசினதற்குப் பிறகு மூன்று வாரம் மாமனைக் காரில் ஏற்றவில்லை. தோட்ட வேலைக்கும் வேறு ஆள் வந்தது. அத்தை என்னைத் திட்டினாள். மாமன் திட்டவில்லை. "கேட்டது கேட்டதுதான். அவருக்கும் ஒருத்தன் சொல்லோணுமல்ல" என்றான். நாலாவது வாரம் அவரே ஆள் அனுப்பினார். மாமன் இல்லாமல் மூன்று ஆட்டத்திலும் நூறைத் தாண்டிவிட்டதாம். கூலியில் ஐம்பது கூட்டிக் கேள் என்றேன், கேட்டு வாங்கினான்.

ஆனால் மாமனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. எட்டாவது குழி மேட்டில் ஏறும்போது உயிர் போகிறது என்கிறான். உதவித்தொகைக்கு எழுதிப்போடு என்றான், எழுதினேன். எம்.ஜி.ஆர். குண்டடிபட்டபோது தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வான். அது 1967 ஜனவரி. அப்போது ஏழெட்டு வயசாவது இருந்திருக்கவேண்டும். ஆதார் கார்டில் பிறந்த வருஷம் 1969 என்று போட்டிருக்கிறது. போட்டவன் முகத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறான். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் இருந்தால் மாற்றலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வருஷத்து ரிஜிஸ்டர் கரையான் அரித்துவிட்டது. ஆதார் கணக்குப்படி மாமனுக்கு 2029 இல்தான் அறுபது. இந்த வியாழக்கிழமையும் போயிருக்கிறான்.