இறக்கத்தில் காக்கும் வண்டி



விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வேண்டுகோள் ஒலிக்கிறது: "அப்பா, எனக்கு ஒரு மவுண்டன் பைக் வேண்டும்." கைபேசியை வைத்துவிட்டு வெளியே ஓடத் துடிக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆயினும் கடைக்குப் புறப்படுமுன் சற்று என்னோடு சிந்தியுங்கள்.

இவ்வண்டி எங்கே பிறந்தது என்று அறிவீர்களா? கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து மலைகளில், 1970-களில் சில இளைஞர்கள் பருமனான டயர்கள் கொண்ட பழைய மிதிவண்டிகளில் மண்பாதை வழியே கீழே பாய்ந்தார்கள். 1976-இல் அங்கே ஒரு பந்தயமும் தொடங்கியது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவ்வண்டிகளில் இருந்தது. அடிவாரம் சேர்வதற்குள் அது சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். மீண்டும் கிரீஸ் நிரப்பினால்தான் அடுத்த ஓட்டம். ஆதலால் அப்பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் நிலைத்தது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய சட்டகத்தை வடிவமைத்துக் கட்டினார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? மலைவண்டியின் மேன்மை அதன் தோற்றத்தில் இல்லை. இறக்கத்தில் ஓட்டுகிறவனைக் காப்பதில் இருக்கிறது. ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எந்தப் பாதைக்கு? பள்ளிக்கும் டியூஷனுக்கும் தார்ச்சாலையில் செல்ல, முள்முள்ளான பருத்த டயர் சுமையே. மெல்லிய டயருள்ள வண்டி போதும். கல்லும் மண்ணுமான வழியெனில் முன்சக்கரத்திற்கு மட்டும் ஷாக் உள்ள வண்டி பெரும்பாலோருக்குப் போதுமானது. குறைந்த விலையில் பின்புறமும் ஸ்பிரிங் வைத்து விற்பவை கண்ணைக் கவரும். ஆனால் எடை கூடும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே விழுங்கிவிடும்.

இரண்டாவது, யாருடைய உடலுக்கு? பள்ளிச் சீருடையைப் போல, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிதாய் வாங்காதீர்கள். வண்டியின் நடுக்கம்பிக்கு இருபுறமும் கால் வைத்து, இரு பாதங்களும் தரையில் முழுமையாய்ப் பதிய நிற்கச் செய்யுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

மூன்றாவது, எது நிறுத்தும்? மழையிலும் சேற்றிலும் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கைவிட டிஸ்க் பிரேக் உறுதியானது. பிள்ளையின் விரல்கள் பிரேக் பிடியை எளிதாய் எட்டுகின்றனவா என்று பாருங்கள். இறுக்கிப் பிடிக்கையில் அது ஹேண்டிலைத் தொடுமளவு தளர்ந்திருந்தால், சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே செலவிட்டுவிடாமல், தலைக்கு அளவாய்ப் பொருந்தும் ஹெல்மெட்டுக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் இருபத்தொரு கியரைப் பார்த்து உங்கள் தேர்வை மாற்றிக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டுப் பாதை வேறு, உங்கள் பாதை வேறு.

பிரியமானவர்களே, வேகமாய்ப் போகும் ஆசையைப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அது அவர்களிடம் நிறைய இருக்கிறது. தக்க நேரத்தில் நிற்கக் கற்றுத்தருவதே பெற்றோரின் கடமை. அதைக் கடையிலேயே, பிரேக்கைச் சோதித்துப் பார்க்கும் அந்த நிமிடத்திலேயே தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.